தண்டவாளம் போன தடத்தில் சைக்கிள்: தரையை முன்கூட்டியே அறிவது எப்படி?

கைவிடப்பட்ட கிராமப்புற ரயில் பாதை ஒன்றைச் சைக்கிள் தடமாக மாற்றியிருக்கிறார்கள் என்றும், அதில் 150 கிலோமீட்டரை மூன்று நாளில் கடக்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 35 மில்லிமீட்டர் டயர் போட்ட சாதாரணச் சைக்கிள் தாங்குமா, வழியில் மழை பெய்தால் என்ன ஆகும், வரைபடத்தில் ‘சமதளம், பொடிக்கல் பரப்பு’ என்று போட்டிருப்பதை நம்பலாமா என்பவை உங்கள் கேள்விகள். சைக்கிள் தாங்கும்; மூன்று நாளும் போதும். ஆனால் அந்த வரைபடக் குறிப்பை அப்படியே நம்ப வேண்டாம். அது பொய் என்று சொல்ல வரவில்லை. தடம் அமைத்த ஆண்டில், உலர்ந்த ஒரு நாளில், பெரும்பாலான தூரத்துக்கு அது உண்மையாக இருந்திருக்கும். நீங்கள் போகும் நாளில் தரை எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்: அது எங்கே தேங்குகிறது, எங்கே வடிகிறது, எங்கே வழி இல்லாமல் தடத்தின் மேலேயே ஓடுகிறது என்பதுதான். அதை முன்கூட்டியே ஊகிக்க ஒரு நல்ல வழி உண்டு. அந்த ரயில் பாதையைக் கட்டியவர்கள் நிலத்தை என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் மிக எளிதாக உருளும்; அதே காரணத்தால் அதற்குப் பிடிமானமும் குறைவு. 100 மீட்டருக்கு 2 மீட்டர் ஏறுவதே பாரம் இழுக்கும் ரயிலுக்குக் கடினம் என்பதால், பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி அந்த மண்ணைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டி, நிலத்தைத் தங்கள் தேவைக்கு வளைத்தார்கள். ஆகவே எந்த ரயில் தடத்திலும் திரும்பத் திரும்ப வருபவை நான்கே வடிவங்கள்தான்: மேட்டைப் பிளந்து செல்லும் வெட்டு, பள்ளத்தின் மேல் எழுப்பிய கரை, ஆற்றையோ ஓடையையோ தாண்டும் பாலம், மலையைக் குடையும் குகைப்பாதை. பாதை மூடப்பட்டபோது தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்து விற்றுவிட்டார்கள். பல இடங்களில் ஜல்லியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எஞ்சிய அடித்தளத்தைச் சமன் செய்து, அதன் மேல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பொடிக்கல்லைப் பரப்பி ரோலர் ஓட்டியதுதான் இன்று நீங்கள் போகப்போகும் பரப்பு.

பொடிக்கல் என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நல்ல தடத்தில் பரப்புவது, பாறையை உடைக்கும்போது கிடைக்கும் சிறு சில்லும் தூளும் கலந்த கலவை. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லாக இருக்கும். சில்லுகளின் கூர்முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள, இடைவெளிகளைத் தூள் நிரப்ப, கொஞ்சம் ஈரமும் ரோலரின் எடையும் சேர்ந்ததும் அது ஏறத்தாழச் சுண்ணாம்புச் சாந்தைப் போல இறுகிவிடும். அப்படிப்பட்ட தரையில் உலர்ந்த நாளில் சைக்கிள் ஓட்டுவது தார்ச்சாலைக்குச் சற்றும் குறையாத சுகம். மாறாக, ஆற்றிலிருந்து எடுத்த உருண்டைக் கூழாங்கல்லைப் பரப்பியிருந்தால், எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் அது பூட்டிக்கொள்ளாது. டயருக்கு அடியில் உருண்டுகொண்டேதான் இருக்கும். பழைய தடங்கள் சிலவற்றில் நீராவி எஞ்சின் காலத்து நிலக்கரிச் சாம்பல் கட்டியே மேற்பரப்பாக இருக்கிறது. அது கறுப்பாகவும் மென்மையாகவும் இருந்தாலும் தண்ணீரை நன்றாக வடியவிடும். பொடிக்கல் போடப் பணம் போதாமல் பழைய ரயில் ஜல்லியை அப்படியே விட்டுவிட்ட பகுதிகளும் உண்டு. முட்டையளவு ஜல்லியில் 35 மில்லிமீட்டர் டயரோடு போவது கை மணிக்கட்டுக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் பெரும் சோதனை. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வெட்டுக்கும் கரைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வேன். வெட்டு என்பது உண்மையில் ஒரு நீண்ட பள்ளம். இருபுறச் சரிவிலிருந்தும் மழைநீர் அதற்குள்தான் வந்து சேரும். ரயில் ஓடிய காலத்தில் தடத்தின் இரு ஓரத்திலும் வடிகால் வாய்க்கால் வெட்டி, ஊழியர்கள் ஆண்டுதோறும் தூர் வாரினார்கள். ரயில் நின்ற பிறகு அந்த வாய்க்கால்கள் இலையும் மண்ணும் சரிந்த கல்லும் சேர்ந்து மூடிக்கொண்டுவிட்டன. வெயிலும் காற்றும் உள்ளே அதிகம் எட்டாது. ஆகவே மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் வெட்டுக்குள் தரை சொதசொதவென்று இருக்கும். நிழலில் பாசி படரும். மக்கிய இலைகளுக்கு அடியில் சேறு மறைந்திருக்கும். கரை இதற்கு நேர் எதிர். இரு புறமும் சரிவதால் தண்ணீர் நிற்காது. காலையில் பெய்த மழை மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் அங்கே மறைப்பு எதுவும் இல்லாததால் காற்று முழு வேகத்தில் அடிக்கும். கரையின் ஓரங்களைத் தண்ணீர் அரித்துக்கொண்டே வரும்; வளை தோண்டும் விலங்குகள் உள்ளே குடைந்துவிட்டால் மேற்பரப்பில் திடீரென்று குழி விழும். கரையில் எப்போதும் நடுவில் ஓட்டுவது நல்லது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உயரக் கோடுகள் போட்ட வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாளைய தரையை இன்றிரவே ஓரளவு சொல்லிவிடலாம். கோடுகள் தடத்தை நெருக்கிக்கொண்டு வரும் இடம் வெட்டு. அங்கே ஈரத்தை எதிர்பாருங்கள். தடம் ஆற்றங்கரைச் சமவெளியில் நெடுந்தூரம் போனால், அங்கே கரை தாழ்வாக இருக்கும்; வெள்ளம் ஏறியிருந்தால் பொடிக்கல்லின் மேல் வண்டல் படிந்திருக்கும். ஓடையைக் கடக்கும் இடங்களில் மண்ணுக்கு அடியில் சிறு மதகு இருக்கும். அது அடைபட்டால் தண்ணீர் தடத்தின் மேலேறிக் குறுக்கே அறுத்துவிடும். தடங்கள் அறுந்துபோவதற்கு மிகப் பொதுவான காரணம் இப்படி அடைபட்ட மதகுதான்.

அடுத்து, ‘சமதளம்’ என்ற சொல். ரயில் தடத்தில் செங்குத்தான ஏற்றம் கிடையாது என்பது உண்மை. ஆனால் சமதளம் என்பது வேறு. 1 சதவீத ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது; காலுக்குத் தெரியும். நீங்களும் சைக்கிளும் பைகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1 சதவீத ஏற்றம் உங்களைப் பின்னால் 1 கிலோ எடை விசையோடு இழுக்கும். நல்ல தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கு ஆகும் இழுவை ஏறத்தாழ அதில் பாதிதான். நனைந்து மென்மையான பொடிக்கல்லிலோ அந்த உருளும் இழுவையே ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடக்கூடும். ஏற்றமும் ஈரமும் ஒன்றாக வந்தால், பார்வைக்குத் தட்டையாகத் தெரியும் பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். பிரேக் உரசுகிறதோ, டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று கீழே குனிந்து பார்ப்பீர்கள். புதிதாக வருபவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சைக்கிளிலும் குறை இல்லை, உடம்பிலும் குறை இல்லை. ஏற்றம் கண்ணுக்கு மறைவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தத் திசையில் போவது என்ற முடிவும் இதைப் பொறுத்ததே. அமெரிக்காவில் கம்பர்லண்டுக்கும் பிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளும் கிரேட் அலெகெனி பாசேஜ் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளுக்கும் நடுவே, மழைநீர் இரு வேறு கடல்களை நோக்கிப் பிரியும் கிழக்குக் கண்டப் பிரிமேடு 729 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கம்பர்லண்டிலிருந்து புறப்பட்டால் அந்த உயரத்தை 38 கிலோமீட்டரிலேயே ஏறி முடிக்க வேண்டும். பிட்ஸ்பர்கிலிருந்து வந்தால் ஏறத்தாழ அதே ஏற்றம் 200 கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடப்பதால், ஏறுவதாகவே தெரியாது. முதல் நாளே கடினமான பகுதியை முடித்துவிட்டு மீதி நாட்கள் மெல்ல இறங்கிக்கொண்டு போவதா, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி கடைசியில் ஒரே இறக்கமாக முடிப்பதா என்பது அவரவர் விருப்பம். பழக்கமில்லாதவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். உங்கள் தடத்தின் உயர விவரத்தைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். அத்துடன் அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரங்கள் அற்ற வெட்டவெளியில் எதிர்க்காற்று 1 சதவீத ஏற்றத்தைவிடக் கொடியது. நியூசிலாந்தின் ஒடாகோ சென்ட்ரல் தடம் 150 கிலோமீட்டர் தூரத்துக்குக் காய்ந்த, மரங்கள் குறைந்த நிலத்தின் ஊடே போகிறது. அங்கே நாளின் வேகத்தைத் தீர்மானிப்பதில் தரையைவிடக் காற்றின் பங்கு பெரியது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரணச் சாலையில் ஏறினால் இறங்குவோம். இறங்கும்போது பெடலை நிறுத்தி, எழுந்து நின்று, உடம்பைத் தளர்த்திக்கொள்வோம். ரயில் தடத்தில் அந்த இடைவேளையே வராது. மணிக்கணக்கில் ஒரே இருக்கையில், ஒரே பிடியில், ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எளிய பாதை என்று நம்பிப் போனவர்கள் மாலையில் உட்கார முடியாமல், விரல்கள் மரத்துப்போய் இறங்குவதற்கு இதுவே காரணம். அரை மணிக்கு ஒரு முறை வேண்டுமென்றே கியரை ஒரு படி கடினமாக்கி, எழுந்து நின்று ஒரு நிமிடம் மிதியுங்கள். ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பாலங்களைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விழுந்து அடிபடுவது பெரும்பாலும் அங்கேயும் சாலைக் குறுக்கீடுகளிலும்தான். பாலம் உறுதியான அடித்தூண்களின் மேல் நிற்கிறது; அதை வந்து சேரும் கரையோ வெறும் மண். பல ஆண்டுகளில் கரை கொஞ்சம் கொஞ்சமாக அமிழ, பாலம் அப்படியே நிற்பதால், இரண்டும் சேரும் இடத்தில் இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு ஒரு படி உண்டாகிறது. வேகமாக வந்தால் அந்த விளிம்பு டயரை ரிம்மோடு நசுக்கி டியூபைக் கிழித்துவிடும். பாலத்தின் மேல் பதித்த பலகைகள் குறுக்கே இருந்தால் கடகடவென்று சத்தம் வரும், வேறு ஆபத்து இல்லை. நீளவாக்கில் இருந்தால் இடைவெளிக்குள் மெல்லிய டயர் மாட்டிக்கொள்ளும். நனைந்த மரப்பலகையின் மேல் பாசியும் இருந்தால் அது எண்ணெய் தடவிய தரை போலத்தான். அங்கே திரும்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. பாலத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நேராகப் போய்விட வேண்டும். குளிர் நாடுகளில் பாலத்தின் அடியிலும் குளிர்காற்று புகுவதால், தடத்தில் வேறெங்கும் இல்லாத பனிக்கட்டி பாலத்தின் மேல் மட்டும் இருக்கும்.

சாலைக் குறுக்கீடுகளில் ரயிலுக்கு இருந்த முன்னுரிமை சைக்கிளுக்கு இல்லை. பெரும்பாலான இடங்களில் தடத்தில் வருபவர்தான் நின்று வழிவிட வேண்டும். வண்டிகள் நுழையாதிருக்க நடுவில் நட்டிருக்கும் கம்பங்களும், வயல் டிராக்டர்கள் இறைத்துவிட்டுப் போகும் சேறும், எல்லோரும் பிரேக் பிடிப்பதால் கலைந்து குவிந்த தளர்ந்த பொடிக்கல்லும் அந்தச் சில மீட்டருக்குள்ளேயே சேர்ந்து வரும். குழுவாகப் போகும்போது பின்னால் வருபவருக்கு நடுக்கம்பம் தெரியாது என்பதால் முன்னால் போகிறவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும்.

குகைப்பாதை உங்கள் தடத்தில் இருந்தால், விளக்கு இல்லாமல் நுழைய வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1960களில் தொடங்கிய எல்ராய்-ஸ்பார்ட்டா தடம் இவ்வகைத் தடங்களுக்கு முன்னோடி. அதன் மூன்று குகைகளில் நீளமானது 1,161 மீட்டர். வெளிச்சமின்மையாலும் கூரையிலிருந்து ஓயாமல் கசியும் நீராலும், அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போக வேண்டும் என்பது விதி. அதற்கு மாறாக, இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அருகே 2013இல் திறக்கப்பட்ட தடத்தில் உள்ள கூம் டவுன் குகை 1,672 மீட்டர் நீளம். உள்ளே விளக்குகள் போட்டு, தளமும் அமைத்திருப்பதால் ஓட்டிக்கொண்டே போகலாம். குகை என்றால் ஒரே நிலைமை என்று நினைக்கக் கூடாது என்பதற்காக இரண்டையும் சொன்னேன். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ந்தே இருக்கும். வியர்வையோடு நுழைந்தால் நடுங்கும். ஒரு மேற்சட்டையைப் பையின் மேல் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும் முதல் சில நொடிகளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, கண் பழகிய பிறகு செல்லுங்கள். பனி உறையும் நாடுகளில் குகைகளைக் குளிர்காலத்தில் கதவு போட்டு மூடிவிடுவது வழக்கம். கிரேட் அலெகெனி பாசேஜில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் குகையும் அப்படி மூடப்படுகிறது. கசியும் நீர் உறைந்து சுவரைப் பிளந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மூடிய குகையைச் சுற்றிப் போக மலைச்சாலைதான் மிஞ்சும் என்பதால், பயண நாளைக் குறிக்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

மழையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோடையில் சிறு மழை பெய்தால் நல்ல பொடிக்கல் பரப்பு கெடாது. உண்மையில் தூசி அடங்கி, தரை இன்னும் இறுகும். விடாமல் பெய்யும் மழைதான் கெடுக்கும். தூள் முழுவதும் நீரை உறிஞ்சிக்கொண்டதும் சில்லுகளுக்கிடையே இருந்த பிடிப்பு தளர்ந்து, பரப்பு கனத்த மாவு போல ஆகிவிடும். குளிர் நாடுகளில் இதைவிட மோசமான காலம் ஒன்று உண்டு. பனி உருகத் தொடங்கும் வாரங்களில் மேல் அடுக்கு இளகியிருக்கும். அதற்குக் கீழே தரை இன்னும் உறைந்தே கிடக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்க, தடம் முழுவதும் கூழாகிவிடும். அந்த நாட்களில் ஓட்டினால் டயர் பதிந்த பள்ளம் பிறகு காய்ந்து இறுகி, அந்த ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் இடையூறாக நிற்கும். உங்கள் டயர் ஒரு விரல் ஆழத்துக்குப் பதிகிறது என்றால் இறங்கிவிடுங்கள். பக்கத்துச் சாலைக்கு மாறிக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்தியே கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தடத்தைப் பராமரிப்பவர்கள் பல இடங்களில் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் உள்ளூர்த் தொண்டர்கள். ஒரு நாள் அவசரத்தில் நாம் உழுதுவிட்டுப் போவதைச் சீர் செய்ய அவர்களுக்குப் பல நாள் ஆகும்.

வெள்ளம் என்பது வேறு வகை. ஆற்றங்கரை ஓரமாகப் போனால் ஏற்றம் குறையும் என்பதால்தான் ரயில் பாதைகள் ஆற்றோடு ஒட்டிப் போயின. அதனால் ஆறு பெருகினால் முதலில் அடிபடுவதும் அவைதான். ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நீளமுள்ள மிசௌரியின் கேட்டி தடம், முதல் பகுதிகள் திறந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், 1993 பெருவெள்ளத்தில் பெரும் சேதம் கண்டு மறுபடி கட்டப்பட்டது. நெப்ராஸ்காவின் கௌபாய் தடம் 2019 மார்ச் வெள்ளத்தில் பல இடங்களில் அறுந்தது. இப்படிப்பட்ட சேதத்தைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அச்சிட்ட வரைபடம் அதைக் காட்டாது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தடத்தை நிர்வகிப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பகுதி மூடியிருக்கிறது, மாற்றுவழி தாரா மண்ணா என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். வேறெந்த ஆராய்ச்சியும் இந்த ஓர் அழைப்புக்கு ஈடாகாது.

தடம் தொடர்ச்சியாக இருக்குமா என்பது பெரும்பாலும் நிலத்தின் உரிமையைப் பொறுத்தது. அமெரிக்காவின் ரயில் பாதைகள் 1916இல் 4 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு உச்சத்தைத் தொட்டுப் பின் சுருங்கின. மூடிய பாதையின் நிலம் துண்டு துண்டாகக் கைமாறிவிடாமல் இருக்க, 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது: பின்னாளில் ரயிலுக்குத் தேவைப்படலாம் என்று பாதையை முழுதாகக் காத்து வைத்து, அதுவரை தடமாகப் பயன்படுத்த அது இடம் கொடுத்தது. பிரிட்டனில் ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங்கின் 1963ஆம் ஆண்டு அறிக்கை ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பாதையை மூடப் பரிந்துரைத்தபோது அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. நிலம் பிரிந்தது, பாலங்கள் இடிக்கப்பட்டன, சில இடங்களில் வீடுகள் எழுந்தன. ஓட்டுபவருக்கு இதன் விளைவு நேரடியானது. பாலம் இல்லாத இடத்தில் தடம் கரையிலிருந்து திடீரென்று கீழிறங்கி, சாலையைக் கடந்து, மறுபடி செங்குத்தாக ஏறும். விற்றுவிட்ட பகுதியில் தடம் ஊர்ச் சாலைக்கு மாறி, உண்மையான மேடு பள்ளங்களோடு சில கிலோமீட்டர் போகும். நாளெல்லாம் 1 சதவீத ஏற்றத்துக்குப் பழகிய காலுக்கு அந்த 10 சதவீதக் குட்டி ஏற்றம் பெரிய அதிர்ச்சி. தடத்தின் விவரக் குறிப்பில் ‘சாலை வழி’ என்று எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

தார் போட்ட தடங்களும் உண்டு. பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் இடையே 1979க்கும் 1986க்கும் நடுவில் போடப்பட்ட 21 கிலோமீட்டர் தடமும், ஜெர்மனி, பெல்ஜியம், லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளைத் தொட்டுச் செல்லும் 125 கிலோமீட்டர் வென்பான் தடமும் அப்படிப்பட்டவை. மழை அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் ஓரத்து மரங்களின் வேர் தாருக்கு அடியில் புகுந்து குறுக்கே வரப்பு வரப்பாகத் தூக்கிவிடும். நிழலில் அவை கண்ணில் படாது. தார் என்றதும் வேகத்தைக் கூட்டுபவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

உங்கள் 35 மில்லிமீட்டர் டயர் போதும். 40 கிடைத்து, சைக்கிளின் முன்கவையிலும் பின்சட்டத்திலும் இடமும் இருந்தால் அதைப் போடுங்கள். டயரின் அகலத்தைவிடக் காற்றழுத்தம் முக்கியம். நகரத்தில் ஓட்டுவதைப் போல இறுக அடித்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு சில்லும் கைக்குத் தெரியும், தளர்ந்த இடத்தில் டயர் கத்தி போல இறங்கும். 40 மில்லிமீட்டர் டயரில், நடுத்தர எடையுள்ளவருக்கு 40 பி.எஸ்.ஐ அளவில் தொடங்கி, தரைக்கேற்பச் சற்று இறக்கியோ ஏற்றியோ பாருங்கள். 35க்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மட்கார்டு போட்டிருந்தால் அதற்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப் பொடிக்கல் அங்கே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும்.

வறண்ட பகுதிகளில் மற்றொரு தொல்லை, நமக்கெல்லாம் நன்கு தெரிந்த நெருஞ்சி. அமெரிக்காவின் மேற்குப் பகுதித் தடங்களில் சைக்கிள்காரர்கள் அஞ்சுவது இதே செடியின் முள்ளைத்தான். கல்லும் மண்ணும் கலந்த, யாரும் அதிகம் மிதிக்காத ஓரம் அதற்குப் பிடித்த இடம். ஓய்வெடுக்கும்போது சைக்கிளை ஓரப் புல்லில் சாய்க்க வேண்டாம். ஓரத்தில் இறங்க நேர்ந்தால், திரும்ப ஏறும் முன் இரண்டு டயரையும் சுற்றிப் பாருங்கள். சிறு ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை டியூபுக்குள் விட்டுக்கொள்வது இங்கே நல்ல காப்பு. எப்படியும் இரண்டு மாற்று டியூபும், ஒட்டுப்பசையும், பம்பும் வேண்டும். கிராமப்புறத் தடத்தில் அடுத்த ஊர் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

அந்த ஊர் இடைவெளிக்கும் ரயிலோடு தொடர்பு உண்டு. நீராவி எஞ்சின்களுக்கு அடிக்கடி தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்ததால் நிலையங்கள் ஓரளவு சீரான இடைவெளியில் அமைந்தன. அவற்றைச் சுற்றி ஊர்கள் வளர்ந்தன. ரயில் நின்றதும் அந்த ஊர்களில் பல தேய்ந்துபோய்விட்டன. வரைபடத்தில் நிலையப் பெயர் இருப்பதால் குழாயும் கடையும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கே உறுதியாகத் தண்ணீர் கிடைக்கும் என்று விசாரித்து, அந்த இடங்களுக்கு நடுவே உள்ள அதிகபட்ச தூரத்துக்குப் போதுமான தண்ணீரைச் சுமந்து செல்லுங்கள்.

150 கிலோமீட்டரை மூன்றாகச் சமமாகப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. உலர்ந்த நல்ல பரப்பில் பையோடு மணிக்கு 15 முதல் 17 கிலோமீட்டர் போகும் ஒருவர், ஈரத்திலும் தளர்ந்த பரப்பிலும் 10 அல்லது 11க்கு இறங்கிவிடுவார். ஆகவே தூரத்தைப் பிரிக்காமல் மணியைப் பிரியுங்கள். நாளுக்கு ஐந்து மணி நேரம் சைக்கிளில் இருப்பது என்று வைத்துக்கொண்டு, ஏற்றமும் வெட்டும் அதிகமுள்ள நாளுக்கு 40 கிலோமீட்டர், கரையும் இறக்கமும் உள்ள நாளுக்கு 60 என்று அமைத்தால், மழை வந்தாலும் இருட்டுவதற்குள் சேர்ந்துவிடலாம்.

தடத்தில் நீங்கள் மட்டும் இருக்கப்போவதில்லை. நடப்பவர்களும், சில இடங்களில் குதிரையில் வருபவர்களும் இருப்பார்கள். குதிரைக்குப் பின்னாலிருந்து சத்தமின்றி வரும் சைக்கிள் பெரும் பயம்; தூரத்திலேயே மனிதக் குரலில் பேசுங்கள், மணியை மட்டும் நம்ப வேண்டாம். கால்நடைக் கதவுகளை எந்த நிலையில் கண்டீர்களோ அந்த நிலையிலேயே விட்டுச் செல்லுங்கள்.

ஒவ்வொரு மாலையும், களைப்பு எவ்வளவு இருந்தாலும், சைக்கிளைக் கழுவிவிட்டுப் பிறகு நீங்கள் உட்காருங்கள். தரையை இறுகச் செய்யும் அதே சுண்ணாம்புத் தூள்தான் ஈரத்தோடு செயினிலும் கியர்ப் பற்களிலும் பிரேக் கட்டையிலும் ஒட்டியிருக்கிறது. இரவில் காய்ந்தால் சாந்து போல இறுகி, காலையில் செயின் மடங்காமல் கறகறக்கும். ஈரமாக இருக்கும்போதே பாட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றி, பழைய துணியால் செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு துளித்துளியாக எண்ணெய் விட்டு, மிகுந்ததை மறுபடி துடைத்துவிடுங்கள். அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். தூள் பேரிங்குக்குள் புகுந்துவிடும். பிரேக் கட்டையில் சிக்கிய சில்லுகளை ஊசி முனையால் எடுத்துவிடுங்கள். அவை ஒரே நாளில் ரிம்மில் கோடு போட்டுவிடும்.